ஒண்ணு பத்த வெச்சுத் தொலைங்க

மரியாதைக்குரிய மனைவி அவர்களுக்கு,

இங்கு நான் நலம். கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எழுதினேனே தவிர, நலமெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. அங்கு நீ நலமாகத்தான் இருப்பாய். அக்கா வீடு ஆயிற்றே.

முதலில் ஒன்று கேட்கிறேன். நான் எப்போது போன் செய்தாலும் உன் அக்காதான் எடுக்கிறார். "அவ குளிச்சிட்டு இருக்கா" என்கிறார். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், பொழுது சாய்ந்த பிறகும் குளிக்கிறாய். நம் வீட்டில் இருந்தவரை இவ்வளவு சுத்தத்தை நான் பார்த்ததே இல்லை. நேற்று கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். உடனே அவர், "வாயால பேசினா நீங்க கத்துவீங்க. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. காகிதம் கத்தாது" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். கத்தாமல்தான் எழுதுகிறேன். பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை.

நீ கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. "சிகரெட் பிடிக்கிற மனுஷனோட இத்தனை வருஷம் குப்பை கொட்டிட்டேன். விட்ட மனுஷனோட ஒரு வாரம் இருக்க முடியலை. ஒண்ணு பத்த வெச்சுத் தொலைங்க!" என்றாய். கீழ்வீடு வரைக்கும் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து "விடுங்க, விடுங்க" என்று என் உயிரை எடுத்தவள் நீ. உன் இளைப்புக்கு வீட்டில் புகை வாசனையே ஆகாது என்று நெஞ்சு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதும், பாதிப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தவன் நான். விட்டதும் பிடி என்கிறாய். மனுஷன் எந்தப் பக்கம்தான் போவது?

இனி லிஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் பாதி லிஃப்டை ஏற்றி இறக்குகிற மெக்கானிக், கட்டின பெண்டாட்டியை நடுவில் தொங்க விட்டுவிட்டான் என்று உன் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாராம். சகலை என்னிடம் சொன்னார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நடந்ததை நியாயமாக யோசித்துப் பார். அன்று நம் கட்டடத்து லிஃப்டில் நான் செய்யப் போன வேலை என்ன? அலாரம் மணிக்குப் பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதியது போடுவது. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் மணி அடிக்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில் செய்த வேலை. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன், பேட்டரியைக் கழற்றினேன். சரியாக அந்த நேரம் பார்த்து நீ இரண்டு பையோடு கீழே லிஃப்டில் ஏறுவாய் என்று நான் கனவா கண்டேன்? உள்ளே மணியை அழுத்தி அழுத்திப் பார்த்தாயாம். எப்படி அடிக்கும்? பேட்டரி என் கையில் இருந்தது. நான் மொட்டை மாடியில் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேன், எதை நினைத்தேன் என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

உன்னை வெளியே இறக்கிவிட்ட கையோடு நான் கத்தியதுதான் தப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள். "வேலை நடக்குதுன்னு போர்டு மாட்டியிருக்கும்போது எவளாவது ஏறுவாளா?" என்று கேட்டேன். ஒப்புக்கொள்கிறேன். கேட்கும்போது அந்த போர்டு என் அக்குளில் இருந்தது. வாட்ச்மேன் இன்றுவரை என்னைப் பார்த்ததும் தன் அக்குளைத் தொட்டுக் காட்டுகிறான். அவனை ஒருநாள் நான் கவனித்துக்கொள்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. வீட்டில் உப்பைக் காணவில்லை. நான் போட்ட முட்டையில் சர்க்கரை இருந்தது, சாப்பிட்டுவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சிகரெட் பிடிக்கிறவன் அதை நிறுத்தினால் மூளைக்குள் என்ன ஆகிறது என்று படம் எடுத்துப் பார்க்கிறார்களாம், ஆள் வேண்டுமாம். பெயர் கொடுத்துவிட்டேன். மூளை டாக்டரம்மா ஏதேதோ விளக்கிச் சொன்னார், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் மூளை சரியாக இருக்கிறது என்று அவர்களே படம் போட்டுக் கொடுக்கட்டும். அதை உன் அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டிவிடலாம்.

இப்படிக்கு,
உன் கணவன் (இன்னும் அப்படித்தான் என்று நம்புகிறேன்)

*

அன்புள்ள மனைவிக்கு,

உன் பதில் கிடைத்தது. உறையைப் பிரிக்கும்போது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உள்ளே ஒரே வரி: "உப்பு மேல் தட்டில், பெரிய டப்பாவுக்குப் பின்னால்." கையெழுத்துக்கூட இல்லை. ஆனாலும் திருப்பித் திருப்பிப் படித்தேன். உப்பு கிடைத்தது. நன்றி.

மூளைப் படம் எடுத்தாயிற்று. அந்தக் கூத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும், உன்னைத் தவிர யாரிடம் சொல்வது?

அந்த மிஷின் ஒரு பெரிய காந்தமாம். உடம்பில் இரும்பு ஒன்றும் இருக்கக் கூடாது என்றார்கள். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், இரண்டு ஸ்பானர் எடுத்து வைத்தேன். அவ்வளவுதானா என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான் என்றேன். சட்டையைக் கழற்றி உதறினதும் நட்டும் வாஷருமாகத் தரையெல்லாம் கொட்டியது. பேண்ட் மடிப்பிலிருந்து ஒரு ஸ்பிரிங் குதித்து மேஜைக்கு அடியில் ஓடியது. உன் தையல் மிஷினிலிருந்து காணாமல் போன அதே ஸ்பிரிங்தான். நான் தொடவே இல்லை என்று சாதித்தேனே, அதற்காக இப்போது ஒன்றும் சொல்லாதே, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துத் தள்ளினார்கள். தலையை அசைக்கவே கூடாதாம். கண்ணெதிரே ஒவ்வொரு எழுத்தாக வரும். இப்போது வரும் எழுத்து, இதற்கு முன்னால் போனதற்கு முன்னால் போன எழுத்தாக இருந்தால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். படிக்கும்போதே உனக்குத் தலை சுற்றுகிறதல்லவா? எனக்குப் படுத்துக்கொண்டே சுற்றியது. 'க' வந்தது. 'க' என்றதும் கடை. கடை என்றதும் தெருமுனைக் கடை, அங்கே நான் வாய் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் எடுத்து வைக்கும் பாக்கெட், அதன் மேல்தாளைக் கிழிக்கும்போது வரும் அந்தச் சத்தம். நான் திரும்பி வந்து பார்த்தால் ஏழெட்டு எழுத்து தாண்டிப் போயிருந்தது. அவசரத்தில் பட்டனை நாலு தடவை அழுத்தினேன், எதற்காவது பொருந்தட்டும் என்று.

இதற்கு நடுவில் மிஷினுக்குள் டக் டக் டக்கென்று ஒரே சத்தம். எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா, நிறுத்துங்க! மோட்டார்ல பேரிங் போயிடுச்சு, பெரிசா ஏதாவது ஆகிடப் போகுது!" என்று கத்திவிட்டேன். "மிஷின் நல்லாத்தான் இருக்கு சார், அது போடுற சத்தமே அதுதான், நீங்க பேசாம படுங்க" என்று காதில் குரல் வந்தது. நான் தலையை அசைத்துவிட்டதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள்.

முடிந்ததும் உட்கார வைத்து டீ கொடுத்து டாக்டரம்மா விளக்கினார். நம்மைவிட ரொம்பச் சின்னப் பெண், ஆனால் பொறுமைசாலி. இந்தத் தடவை நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். மூளையில் இரண்டு கூட்டம் இருக்கிறதாம். ஒன்று வேலை பார்க்கிற கூட்டம். இன்னொன்று சும்மா உட்கார்ந்து அதையும் இதையும் நினைத்துக்கொண்டிருக்கிற கூட்டம். ஒன்று எழுந்தால் மற்றது அடங்க வேண்டும். நிகோடினுக்குப் பழகின மூளைக்கு அது கிடைக்காமல் போனால், அடங்க வேண்டியது அடங்காதாம். வேலை நடுவில் நினைப்பு எழுந்து வந்து நிற்குமாம். கோபமும் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்குமாம். "லிஃப்ட் பெட்டியும் எதிர்எடையும் மாதிரிங்களா? பெட்டி மேல போனா எடை கீழ வரணும். இங்க ரெண்டும் ஒண்ணா மேல ஏறப் பாக்குது" என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். சிகரெட்டைத் தொடாமலே இருந்தால் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ லிஃப்டை நிறுத்தினதும் கத்தினதும் நான் இல்லை, என் மூளைதான்னு ஒரு சர்டிபிகேட் தர முடியுமா? பெண்டாட்டிக்கு அனுப்பணும்" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அந்த மூளையும் உங்களுதுதானே சார்?" என்றார். என் முகத்தில் அசடு வழிந்தது. நீ இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாய். நீங்களெல்லாம் எங்கேயோ ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இத்தனை வருஷமாக எந்த லிஃப்டைத் தொடுவதற்கு முன்னாலும் நான் கீழே வாசலில் நின்று ஒரு சிகரெட் பிடிப்பேன். அது தீர்வதற்குள் யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்த்துவிடுவேன், போர்டை மாட்டிவிடுவேன், பெட்டி காலிதானா என்று எட்டிப் பார்த்துவிடுவேன். வேலை அந்தச் சிகரெட்டில்தான் ஆரம்பிக்கும். அன்று சிகரெட் இல்லை, அதனால் வாசலில் நிற்கவும் இல்லை. நேரே மாடிக்குப் போய்விட்டேன், போர்டோடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குழாய்க்குள் தள்ளும்போது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். பயமாக இருந்தால் அழுத்துங்கள், உடனே வெளியே இழுத்துவிடுகிறோம் என்றார்கள். நான் அழுத்தவில்லை. ஆனால் அழுத்தினால் ஆள் வருவார்கள் என்று தெரிந்தும் எனக்கு உள்ளே வியர்த்துக் கொட்டியது. நீயும் அன்று அழுத்திக்கொண்டுதானே இருந்தாய்? வாட்ச்மேன் ஓடிவந்து சொல்லி, நான் கீழே வந்து லிஃப்ட் கதவு இடுக்கில் காதை வைத்தபோது உன் குரல் கேட்கவில்லை. உன் நெஞ்சில் இருந்து வரும் விசில் சத்தம்தான் கேட்டது. இன்ஹேலர் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கதவைத் திறக்கிற சாவி கையில் இருந்தும் துவாரம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை, அன்றைக்குக் கை மறந்துவிட்டது.

நீ வெளியே வந்து படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாயே, அப்போது நான் கத்தியது கோபத்தில் இல்லை. ஆடிப்போய்விட்டேன். பயத்தில் வேறு எப்படிச் சத்தம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு. இதை வாயால் சொல்லியிருந்தால் இதையும் கத்தித்தான் சொல்லியிருப்பேன். உன் அக்கா எழுதச் சொன்னது நல்லதுக்குத்தான், ஆனால் அதை அவரிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் கணவன்

*

என் சிட்டுக்கு,

சிரிக்காதே. கல்யாணமான புதிதில் இப்படித்தானே கூப்பிட்டேன்? எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகம் இல்லை. இந்தக் கடிதத்தை உன் அக்கா பிரிக்கிறாராக இருந்தால், அண்ணி, வணக்கம், தயவுசெய்து மடித்து அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

உன் பதில் வரவில்லை. பொறுக்க மாட்டாமல் மறுபடி போன் செய்தேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். நான் கத்தவில்லை, "சரிங்க, எப்படி இருக்கா?" என்றுதான் கேட்டேன். அதற்கு உன் அக்கா, "அவளுக்கென்ன, நல்லா இருக்கா. இங்க வந்ததுலேர்ந்து இன்ஹேலரைத் தொடவே இல்லை. ராத்திரி நிம்மதியா தூங்குறா" என்றார். என்னைக் குத்துவதற்காகத்தான் சொன்னார். நன்றாகவே குத்திவிட்டது. போனை வைத்துவிட்டு நம் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மூளை டாக்டரம்மா கூப்பிட்டார். "சார், நாளைக்கு உங்களுக்கு ரெண்டாவது படம். மறக்காம வழக்கம்போல சிகரெட் பிடிச்சிட்டு வாங்க" என்றார். எனக்குக் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். என்னது என்றேன். "முதல் படம் பிடிக்காத மூளைக்கு. ரெண்டாவது பிடிச்ச மூளைக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். அன்னிக்கே விவரமா சொன்னேனே சார், நீங்ககூட நல்லாத் தலையாட்டினீங்களே!" என்றார். நான் பேந்தப் பேந்த விழித்தேன். தலையாட்டியது நிஜம். அவர் சொன்னபோது தலை மட்டும்தான் அங்கே இருந்தது.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பார். வீட்டில் பெண்டாட்டி வாசலில் நின்று பற்ற வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் படித்த டாக்டர் போன் போட்டுப் பிடித்துவிட்டு வரச் சொல்கிறார். உலகத்தில் எந்தச் சிகரெட்காரனுக்காவது இப்படி இரண்டு பக்கமும் அனுமதி கிடைத்திருக்குமா? ஒரே ஒரு சிகரெட், அதுவும் அறிவியலுக்காக! சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாக்கெட்டை எடுத்துப் பலகை மேல் வைத்தார். "எங்க சார் போயிட்டீங்க, ஊர்ல இல்லையா?" என்று மட்டும் விசாரித்தார். சொந்தக்காரர்கூட இவ்வளவு பாசமாகக் கேட்டதில்லை.

பொய் சொல்ல மாட்டேன். ஒன்றை உருவிக் கையில் எடுத்தேன். மூக்கில் வைத்து முகர்ந்தேன். வாயெல்லாம் ஊறியது. கடைக்காரர் நெருப்பை நீட்டினார். பற்ற வைத்தால் நான் பழைய ஆளாகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். கத்த மாட்டேன், போர்டை ஒழுங்காக மாட்டுவேன், 'க' என்றால் 'க'வாக மட்டும் தெரியும். நீயும் திரும்பி வந்துவிடுவாய். வந்து, மறுபடியும் தலையணைக்கு அடியில் இன்ஹேலரை வைத்துக்கொண்டு படுப்பாய். எல்லாம் வழக்கம்போல நடக்கும்.

அதைப் பலகை மேலேயே வைத்துவிட்டு, கடைக்காரரிடம் துணி சோப்பு இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. எத்தனை என்றார். இருக்கிறதையெல்லாம் கொடுங்கள் என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் நேரில் சொல்லிவிட்டேன். ஐயோ பாவம், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "விட்டுட்டீங்களா? நிஜமாவேவா? ரொம்ப சந்தோஷம் சார். அப்போ உங்களைப் பிடிக்கச் சொல்லவே எனக்கு உரிமையில்லை" என்று கையைக் குலுக்கிவிட்டு, அப்படியே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆனா சார், உங்க முதல் படம் எவ்வளவு அழகா வந்திருந்தது தெரியுமா? இவ்வளவு மோசமா அலைஞ்ச மூளை எங்களுக்குக் கிடைச்சதே இல்லை" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவர் வருத்தத்துக்கு ஈடாக ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவில் இருந்த கிரீச் சத்தத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே சோப்பு நுரைதான். திரைச்சீலை, போர்வை, தலையணை உறை, சோபா மேலே போட்ட துணி எல்லாவற்றையும் அலசினேன். தண்ணீர் டீ மாதிரி ஓடியது. இத்தனை வருஷமாக இதற்குள்ளேயா நீ தூங்கினாய்? நான் உட்கார்ந்து பிடிக்கும் பால்கனி நாற்காலியைக் கீழே வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, வெயிலில் வைத்திருக்கிறான். கூடத்துச் சுவருக்கு நானே வெள்ளையடித்தேன். பாதியில் என் நினைப்பு எங்கேயோ போய், ஸ்விட்ச் பலகைக்கும் சேர்த்து அடித்துவிட்டேன். இப்போது எந்த ஸ்விட்ச் எதற்கு என்று தெரியாமல் தடவித் தடவி விளக்குப் போடுகிறேன். நீ வந்து திட்டுவதற்கு அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

வேலைக்குப் போகும் இடத்தில் இப்போது போர்டை மாட்டிவிட்டு வாசலில் சும்மா நிற்கிறேன், ஒரு சிகரெட் தீரும் நேரம். கையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பையில் விட்டுக்கொள்கிறேன், எடுக்கிறேன், மறுபடி விட்டுக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் யாருக்கோ காத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், நிஜம்தானே.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நேற்றுகூட ஒரு மூடி திறக்கவில்லை என்று அதோடு சண்டை போட்டேன். இன்னும் கொஞ்ச நாள் கத்துவேன் போலிருக்கிறது. ஆனால் கத்துவதற்கு முன்னால் எழுந்து பால்கனிக்குப் போய்விடப் பார்க்கிறேன். அதற்குமேல் வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

அங்கே உனக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தும் வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதனால் இப்படிக் கேட்கிறேன். ஒரே ஒரு ராத்திரி வந்து இங்கே தூங்கிப் பார். இன்ஹேலரை மறக்காமல் கொண்டு வா. நான் பக்கத்தில் விழித்துக்கொண்டு இருப்பேன். உன் நெஞ்சில் அந்த விசில் கேட்டால் விடிந்ததும் நானே உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உன்னை அக்கா வீட்டில் விட்டுவிடுகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கேட்கவில்லை என்றால், இருந்துவிடு.

நீ வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்